நேர்வரிசையும் வீ வரிசையும்

எஞ்சின் ஒன்றைப் பற்றிப் பேச்சு எழுந்தால், நம்மவர் முதலில் கேட்பது அதற்கு எத்தனை குதிரைசக்தி என்பதே. அடுத்து விலையைக் கேட்பர். இப்போது மூன்றாவது கேள்வி ஒன்றும் அவற்றோடு சேர்ந்துகொண்டிருக்கிறது. சிலிண்டர்கள் ஒரே நேர்வரிசையில் நிற்கின்றனவா, அல்லது இரண்டு வரிசையாகப் பிரிந்து, ஆங்கில எழுத்தாகிய வீயைப் போல மேல்நோக்கி விரிந்து நிற்கின்றனவா என்பதே அக்கேள்வி. கேட்பவர் குரலிலேயே விடையும் ஒலிக்கும். வீ எஞ்சினுக்கு இழுப்பு அதிகம் என்று அவர் எங்கோ கேள்விப்பட்டிருப்பார். ஆம் என்று ஒரு சொல் நாம் சொல்லிவிட்டால் அவருக்குப் போதும்.

மட்டாஞ்சேரிக்குத் தெற்கே சிறிது தொலைவில் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. அங்கே வந்து தங்கும் ஆழ்கடல் படகுகளில் பல குமரி மாவட்டத்துத் தமிழர்களுடையவை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய கடற்கரை ஊர்களிலிருந்து வந்து, கொச்சியைத் தளமாகக் கொண்டு, வாரக்கணக்கில் கடலிலேயே தங்கிச் சூரையும் சுறாவும் பிடித்துத் திரும்புகிறவர்கள் அவர்கள். 2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல் அவ்வூர்களுக்கு இழைத்த துயரத்தை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நடுக்கடலில் எஞ்சின் ஓடுவதும் ஓடாமற்போவதும் அம்மக்களுக்கு வெறும் இயந்திரச் செய்தியன்று. அத்தகைய படகுக்காரர் ஒருவர், ஆங்கிலத்தில் அச்சிட்ட எஞ்சின் விளக்கப் புத்தகம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதிலுள்ளதைத் தமிழில் சொல்லவேண்டும் என்று நம்மிடம் வந்தார். படகிலுள்ள ஆறு சிலிண்டர் எஞ்சினைக் கழற்றிவிட்டு, கடன் வாங்கியேனும் வீ எஞ்சின் ஒன்றை வைப்பது அவர் எண்ணம். இன்றைய பேச்சு அவருக்குச் சொன்ன விடையின் விரிவு என்று கொள்ளலாம்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இத்தகைய புத்தகங்கள் சொற்களைக் கொண்டே முதல் தடையை இடுகின்றன. ‘இன்லைன்’ என்பதை நேர்வரிசை என்றுவிடலாம். அதில் தொல்லை இல்லை. ‘வீ’ என்னும் எழுத்தின் வடிவம் தமிழ் எழுத்து எதற்கும் இல்லை. ஆனால் பொருள் நம்மிடம் இருக்கிறது. இரண்டாகப் பிளந்து நிற்கும் மரக்கிளையைக் கவை என்கிறோம். சிறுவர் கையிலுள்ள உண்டிவில்லின் கட்டையும் கவைதான். கவைவரிசை எஞ்சின் என்று சொன்னால் உருவம் கண்முன் நிற்கும். எனினும் பட்டறையில் வேலை செய்பவர் யாவரும் வீ எஞ்சின் என்றே சொல்லுவதால், நாமும் அவ்வாறே சொல்லுவோம். ஆங்கிலத்தில் ‘டார்க்’ எனப்படுவதைப் பாடநூல்கள் திருப்புவிசை என்கின்றன. படகுக்காரர் அதனை இழுப்பு என்கிறார், லாரிக்காரரும் அப்படியே. இழுப்பு என்னும் சொல் அழகானதுதான். ஆயினும் அதற்குள் எஞ்சினின் திருப்புவிசை, கியரின் பெருக்கம், புரொப்பெல்லரின் உந்தல் ஆகிய மூன்றும் கலந்து கிடக்கின்றன. அந்தக் கலப்பிலிருந்தே குழப்பமும் பிறக்கிறது.

திருப்புவிசை இன்னதென்று அறிய நெடுந்தூரம் போகவேண்டுவதில்லை. மட்டாஞ்சேரி தேங்காயெண்ணெய் வணிகத்துக்குப் பேர்போன ஊர். எண்ணெய் என்றவுடன் செக்கு நினைவுக்கு வரும். செக்கின் நீண்ட மரத்தின் முனையில் மாடு பூட்டப்பட்டுச் சுற்றி வருகிறது. மாடு இழுக்கும் விசையை, உலக்கையின் நடுவிலிருந்து மாடு நிற்கும் தூரத்தால் பெருக்கினால் வருவது திருப்புவிசை. மாடு வலிமையுடையதாயின் அது மிகும். மரம் நீண்டதாயினும் மிகும். ஒரு மாட்டுக்கு இரண்டு மாடு பூட்டினால் இரட்டிக்கும். இனி ஒன்று கேட்போம்: நடுவிலிருந்து ஒரே தூரத்தில் நிற்கும்படி அவ்விரண்டையும் பூட்டிவிட்ட பிறகு, ஒன்றன்பின் ஒன்றாக நடப்பதாலோ, செக்கின் இருபுறமும் எதிரெதிரே நடப்பதாலோ, எண்ணெய் கூடுதலாக இறங்குமா? இறங்காது. மாடுகள் நிற்கும் ஒழுங்கு, கொட்டகையில் எவ்வளவு இடம் வேண்டும் என்பதை முடிவு செய்யும்; உலக்கையின் திருப்பத்தை அன்று.

எஞ்சினில் மாட்டின் இடத்தில் நிற்பது பிஸ்டன். எரிந்த வாயு பிஸ்டனை அழுத்துகிறது. அந்த அழுத்தம் இணைப்புத் தண்டின் வழியாகக் கிராங்க் தண்டின் முழங்கையைத் தள்ளித் திருப்புகிறது. முழங்கையின் நீளமே செக்கு மரத்தின் நீளம். அது பிஸ்டன் ஏறியிறங்கும் தூரத்தில் சரிபாதி. பிஸ்டனின் பரப்பையும், அது நகரும் தூரத்தையும், சிலிண்டர்களின் எண்ணிக்கையையும் பெருக்கினால் எஞ்சினின் மொத்தக் கொள்ளளவு கிடைக்கும். ஆகவே திருப்புவிசை இரண்டைப் பொறுத்தது: ஒன்று, மொத்தக் கொள்ளளவு, மற்றொன்று, சிலிண்டருக்குள் சராசரியாகப் பயன் தரும் அழுத்தம். நாலு வீச்சு எஞ்சினாயின், இவ்விரண்டையும் பெருக்கி ஏறத்தாழ பன்னிரண்டரையால் வகுத்தால் திருப்புவிசை வந்துவிடும். 6 லிட்டர் கொள்ளளவுள்ள டீசல் எஞ்சினில் அந்த அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் 8 மடங்கு என்று கொண்டால், ஏறத்தாழ 380 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். காற்றை அமுக்கிச் செலுத்தும் டர்போ ஒன்றைப் பூட்டி, எரிபொருளையும் தக்கபடி மிகுத்து, அழுத்தத்தை 16 மடங்காக்கினால் திருப்புவிசையும் இரட்டித்து 760 ஆகும். இக்கணக்கில் சிலிண்டர்கள் எந்த ஒழுங்கில் நிற்கின்றன என்பதற்கு ஓர் இடமும் இல்லை என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும். ஆறு லிட்டர் நேர்வரிசையில் நின்றாலும் ஆறு லிட்டர்தான். வீயாக விரிந்து நின்றாலும் ஆறு லிட்டர்தான்.

கணக்கை நம்பாதவர் உண்டு. கண்ணால் கண்டதையே நம்புவர். அவர்களுக்கு நம் ரயில்வேயே நல்ல சாட்சி. வண்டியை இழுத்துச் செல்லும் முழு இயந்திரத்தையும் நாம் எஞ்சின் என்றே சொல்லிவிடுகிறோம். குழப்பம் நேராதிருக்க, ரயில்வேக்காரர் சொல்லுவதுபோல் அதனை லோகோ என்போம். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்திலிருந்து இரண்டு வகை டீசல் லோகோக்கள் இந்தியாவுக்கு வந்தன. அகலப் பாதைக்கு வந்தது டபிள்யூ.டி.எம்.2; 1964 முதல் அதனை வாராணசித் தொழிற்சாலையிலேயே செய்யத் தொடங்கினர். மீட்டர் பாதைக்கு வந்தது ஒய்.டி.எம்.4. முன்னது எர்ணாகுளம் லோகோ ஷெட்டிலும் நெடுங்காலம் பேணப்பட்டு, கேரளத்தின் விரைவு வண்டிகளையும் சரக்கு வண்டிகளையும் இழுத்தது. பின்னது கொல்லத்திலிருந்து புனலூர் வழியாகச் செங்கோட்டைக்கு மலையேறிய மீட்டர் பாதை வண்டிகளை, அப்பாதை 2010ஆம் ஆண்டு மூடப்படும் வரையில் இழுத்தது. குன்னூரிலிருந்து உதகைக்குச் செல்லும் மலை ரயிலின் முன்னேயும் நேயர்கள் இதனைக் கண்டிருக்கக்கூடும்.

இவ்விரண்டு லோகோக்களின் உள்ளேயும் இருப்பது ஒரே குடும்பத்து எஞ்சின். சிலிண்டரின் விட்டம் 9 அங்குலம். பிஸ்டன் நகரும் தூரம் பத்தரை அங்குலம். ஒவ்வொரு சிலிண்டரும் ஏறத்தாழ 11 லிட்டர் கொள்ளும். வேற்றுமை என்னவெனில், மீட்டர் பாதை லோகோவில் அத்தகைய சிலிண்டர்கள் 6, ஒரே நேர்வரிசையில் நின்றன. அகலப் பாதை லோகோவில் 16 சிலிண்டர்கள், வரிசைக்கு எட்டாக, 45 பாகை விரிவுடைய வீ வடிவில் நின்றன. முன்னது ஏறத்தாழ 1,350 குதிரைசக்தி தந்தது. பின்னது 2,600 தந்தது. வீ வென்றது என்று சொல்லத் தோன்றும். சிலிண்டரின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்ப்போம். வீ எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு 162 குதிரைசக்தி. நேர்வரிசை எஞ்சினில் 225. அளவில் ஒத்த சிலிண்டர், நேர்வரிசையில் நின்றபோதுதான் மிகுதியாக உழைத்திருக்கிறது! அதற்கும் நேர்வரிசை காரணமன்று. எவ்வளவு காற்றும் எரிபொருளும் செலுத்துவது, எவ்வளவு வேகமாகச் சுழலவிடுவது என்று அமைப்பாளர் முடிவு செய்ததே காரணம். பின்னர் 1990களில், அதே 16 சிலிண்டர் வீ எஞ்சினுக்குச் சிறந்த டர்போவும் எரிபொருள் பம்பும் அமைத்து 3,100 குதிரைசக்தி பெற்றனர். வீயின் கோணம் ஒரு பாகைகூட மாறவில்லை.

அப்படியானால் அகலப் பாதைக்கு ஏன் வீ எஞ்சினை எடுத்தனர்? பதினாறு பெரிய சிலிண்டர்களை ஒரே வரிசையில் நிறுத்தினால், லோகோவின் உடலில் ஓட்டுநருக்கும் ஜெனரேட்டருக்கும் குளிர்விக்கும் விசிறிக்கும் எங்கே இடம்? இரண்டிரண்டாக எதிரெதிரே சாய்த்து வைத்ததால் நீளம் ஏறத்தாழப் பாதியாயிற்று. மீட்டர் பாதையிலோ தேவை வேறு. அங்கே தண்டவாளமும் பாலமும் தாங்கும் சுமை குறைவு. லோகோவின் எடை 72 டன், ஆறு அச்சுகளுக்கும் பங்கிட்டால் அச்சுக்கு 12 டன். அகலப் பாதையின் லோகோ 112.8 டன். குறைந்த எடைக்குள் ஆறு சிலிண்டரே போதுமென்றபோது, அவற்றை வீயாக்கி அகலத்தைப் பெருக்கவேண்டிய அவசியம் எழவில்லை. இடையே ஒன்று சொல்லவேண்டும்: இவ்வகை லோகோவில் டீசல் எஞ்சின் சக்கரத்தை நேரே திருப்புவதில்லை. அது மின்சாரத்தை உண்டாக்கித் தருகிறது. சக்கரத்தைத் திருப்புவது அச்சில் பூட்டிய மின்மோட்டார். செங்கோட்டை மலையில் வண்டியை நகர்த்திய இழுப்பு அந்த மோட்டாருடையது.

கப்பலைப் பார்த்தாலும் இதே உண்மைதான். 2011ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வல்லார்பாடம் கொள்கலத் துறைக்கு வரும் பெரிய சரக்குக் கப்பல்களின் முதன்மை எஞ்சின்கள் பெரும்பாலும் நேர்வரிசை எஞ்சின்களே. 2006ஆம் ஆண்டு கடலுக்கு வந்த எம்மா மேர்ஸ்க் என்னும் கப்பலுக்கு வைத்த எஞ்சினில் 14 சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நின்றன. ஒவ்வொன்றின் விட்டமும் 96 சென்டிமீட்டர். பிஸ்டன் நகரும் தூரம் இரண்டரை மீட்டர். நிமிஷத்துக்கு 102 சுற்று. அதன் திருப்புவிசை ஏறத்தாழ 75 இலட்சம் நியூட்டன் மீட்டர். உலகில் மனிதன் செய்த எஞ்சின்களில் இழுப்பில் தலையாயவற்றுள் ஒன்று வீ எஞ்சின் அன்று. கப்பலின் வயிற்றில் நீளத்துக்கும் உயரத்துக்கும் பஞ்சமில்லை. ஆகவே நெடிய பிஸ்டன்களை நிமிர்த்தி நிறுத்துவதே அங்கே எளிது.

வீ எஞ்சினை இகழ்வதற்காக இவற்றைச் சொல்லவில்லை. வீ எஞ்சின் வந்த கதையே இடநெருக்கடியின் கதை. 1889ஆம் ஆண்டு ஜெர்மனியில் டைம்லரும் மைபாக்கும் இரண்டு சிலிண்டரை வீயாகச் சாய்த்து ஓர் எஞ்சின் செய்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் லெவவாசர் எட்டுச் சிலிண்டர் வீ எஞ்சினை ஆக்கினார். அது முதலில் விரைவுப் படகுகளிலும் பின்பு விமானங்களிலும் ஏறிற்று. எடை குறைந்து, நீளமும் குறைந்து, பலம் மிகுந்திருக்கவேண்டிய இடங்கள் அவை. 1932ஆம் ஆண்டு ஃபோர்டு எட்டுச் சிலிண்டர் வீ எஞ்சினை மலிவான காரில் வைத்தபோது அது பொதுமக்கள் கைக்கு வந்தது. அமெரிக்கப் பெரிய கார்களின் வழியாகவே, வீ என்றால் பலம் என்னும் எண்ணமும் உலகெங்கும் பரவியது என்பது நம் கருத்து. அந்தக் கார்களின் பலம் அவற்றின் பெருத்த கொள்ளளவிலிருந்து வந்தது. பெயரை மட்டும் வீ வாங்கிக்கொண்டது.

நேர்வரிசையை நீட்டிக்கொண்டே போவதில் இன்னோர் இடையூறும் உண்டு. கொச்சிக் கோட்டையின் வெளி என்னும் பகுதியில் உள்ள பழைய சலவைத்துறையைப் பார்த்தவர்கள் அறிவார்கள். தமிழகத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் வந்து குடியேறிய வண்ணார் குலத்தார் அங்கே இன்றும் துணி வெளுக்கிறார்கள். சிறிய துண்டு ஒன்றை இருவர் இருபுறமும் பிடித்து முறுக்கினால், முனை சிறிதளவே திரும்பும். நெடிய வேட்டியை அதே பலத்தோடு முறுக்கினால் பல சுற்றுத் திரும்பும். விட்டால் எதிர்ப்பக்கம் சுழலும். கிராங்க் தண்டும் அத்தகையதே. அது எஃகாயினும், ஒவ்வொரு சிலிண்டர் வெடிக்கும்போதும் மயிரிழை அளவு முறுகி மீளுகிறது. தண்டு நீளும்தோறும் இந்த முறுக்கு அலை பெரிதாகும். ஏதேனும் ஒரு வேகத்தில், வெடிப்பின் தாளமும் தண்டின் இயல்பான ஆட்டமும் ஒன்றிவிட்டால், தண்டு களைத்து முறிந்துபோகும். எட்டுச் சிலிண்டரை ஒரே வரிசையில் வைத்த கார்கள் ஒரு காலத்தில் பெருமைக்குரியவையாக இருந்தன. பேக்கார்டு நிறுவனம் 1954 வரையில் அவற்றைச் செய்தது. வேகமும் அழுத்தமும் ஏற ஏற, அந்த நீண்ட தண்டு தாங்கவில்லை. வீ எஞ்சினில் ஒரே முழங்கையில் இரண்டு இணைப்புத் தண்டுகள் பூட்டப்படுவதால் கிராங்க் தண்டு குட்டையாகவும் விறைப்பாகவும் இருக்கிறது. வீயின் உண்மையான சிறப்பு இதுவே என்போம்.

நேர்வரிசையின் சிறப்பு ஆறு சிலிண்டரில் விளங்குகிறது. நாலு சிலிண்டர் நேர்வரிசையில் பிஸ்டன்கள் ஏறியிறங்கும்போது, கிராங்கின் வேகத்தைப் போல் இருமடங்கு விரைவுள்ள அதிர்வு ஒன்று மிஞ்சிவிடும். ஆறு சிலிண்டரில் முழங்கைகள் 120 பாகை இடைவெளியில் நிற்பதால், ஒரு பிஸ்டனின் ஆட்டத்தை மற்றொன்று ஈடு செய்து, அதிர்வு ஏறத்தாழ முற்றும் அடங்கிவிடுகிறது. ஒரு சுற்றுக்கு மூன்று வெடிப்பு ஒழுங்காக வருவதால் திருப்புவிசையும் தொய்வின்றி வரும். ஆறு சிலிண்டரையே வீயாக மடித்தால் இந்த ஒழுங்கு கெடுகிறது. எஞ்சின் முன்னும் பின்னுமாக ஆடும் ஒரு தன்மை வந்துசேரும். அதனை அடக்கத் தனித் தண்டும் எடைக்கற்களும் தேடவேண்டும். எட்டுச் சிலிண்டர் வீ ஓரளவு தேறும். பன்னிரண்டு சிலிண்டர் வீ என்பது இரண்டு ஆறு சிலிண்டர் நேர்வரிசைகளின் கூட்டே ஆதலால் அதுவும் நன்றாக அடங்கி ஓடும். கார் செய்யும் பெரிய நிறுவனங்களுள் ஒன்றாகிய மெர்சிடிஸ், ஆறு சிலிண்டர் வீயைப் பல ஆண்டு செய்துவிட்டு, 2017இல் நேர்வரிசைக்கே திரும்பியது. இன்று டர்போவும் புகையைத் தூய்மை செய்யும் கருவியும் எஞ்சினோடு ஒட்டி நிற்கவேண்டும். சூடான புகை ஒரே பக்கமாக வெளிவரும் நேர்வரிசையில் அவற்றை அமைப்பது எளிது.

நம் நாட்டில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நேர்வரிசையே பெருவழக்கு. அசோக் லேலண்டின் காமெட் லாரி முதலியவற்றில் ஓடிய ஆறு சிலிண்டர் எஞ்சினைத் தெரியாத மெக்கானிக் தென்னாட்டில் அரிது. குமுளியிலிருந்து மிளகும் ஏலமும் ஏற்றி மட்டாஞ்சேரிக்கு இறங்கிய லாரிகள், திரும்பிப் போகையில் பீருமேட்டு ஏற்றத்தில் அதைக் கொண்டுதான் ஏறின. அதே எஞ்சின்களின் கடல்வகையே கேரளக் கரையின் விசைப்படகுகளிலும் பல்லாண்டு ஓடியது. அண்மைக் காலத்தில் சீனத்திலிருந்து வந்து படகுகளில் ஏறியிருக்கும் பெரிய எஞ்சின்களும் பெரும்பாலும் ஆறு சிலிண்டர் நேர்வரிசையாகவே இருக்கின்றன. குதிரைசக்தி பல மடங்கு ஏறியிருக்கிறது, வரிசை மாறவில்லை.

ஆனால் லாரிக்கு வேண்டிய இழுப்பும் படகுக்கு வேண்டிய இழுப்பும் ஒரே இயல்பின அல்ல. இதை நம்மவர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஏற்றத்தில் நிற்கும் லாரிக்கு, எஞ்சின் மெதுவாகச் சுழலும்போதே முழுத் திருப்புவிசையும் வேண்டும். நீரில் சுழலும் புரொப்பெல்லரோ வேறு விதம். அதன் வேகம் பாதியானால் அது கேட்கும் திருப்புவிசை நாலில் ஒரு பங்காகும். குதிரைசக்தி எட்டில் ஒரு பங்காகும். மெதுவாகச் சுழலும்போது அது எஞ்சினிடம் அதிகமாக ஒன்றும் கேட்பதில்லை. கேட்பதெல்லாம் உச்ச வேகத்தை நெருங்கும்போதுதான். ஆகவே தாழ்ந்த வேகத்தில் திருப்புவிசை மிகுந்த எஞ்சின் என்று விளம்பரம் சொல்லும்போது, லாரிக்காரர் காதுகொடுத்துக் கேட்கலாம். ஆழ்கடல் படகுக்காரர் அதற்காக மட்டும் பணத்தைக் கொட்டவேண்டுவதில்லை. கடலடியில் மடியை இழுத்துச் செல்லும் இழுவைப் படகின் கணக்குச் சற்று வேறு. அங்கே படகு மெதுவாகவும் சுமை கனமாகவும் இருக்கும். அதற்கும் மருந்து, வேகத்தைக் குறைக்கும் கியரும் பெரிய விட்டமுள்ள புரொப்பெல்லரும்தான்.

படகினுள் அமைப்பு என்னும் கேள்வி இழுப்பைக் காட்டிலும் பெரியது. எஞ்சின் அறை குறுகியது. அடிப்பக்கம் வளைந்து ஒடுங்கியது. நேர்வரிசை எஞ்சின் ஒல்லியாக நெடுக நிற்பதால் இருபுறமும் ஆள் புகுந்து கைவைக்க வழி இருக்கும். ஒருபுறம் எரிபொருள் பம்பு, மறுபுறம் புகைக்குழாய், தலை ஒன்று. இரவில், படகு ஆடும்போது, கைவிளக்கின் ஒளியில் எரிபொருள் குழாய் ஒன்றைக் கழற்றி மாட்டவேண்டிய ஆளுக்கு இது எத்தகைய உதவி என்பதைக் கரையில் இருப்பவர் அறியார். வீ எஞ்சினில் தலை இரண்டு, புகைவழி இரண்டு. வெளிப்பக்கத்துப் பாகங்கள் படகின் பக்கப் பலகையை நோக்கிச் சாய்ந்து, கைக்கு எட்டாமல் ஒளிந்துகொள்ளும். நீளம் மிச்சப்படுவது உண்மையே. மிச்சப்பட்ட நீளத்தில் மீன் அறை சிறிது பெரிதாகலாம். கடற்படையின் விரைவுக் கலங்களுக்கும் பெரிய இழுவைக் கப்பல்களுக்கும் அது ஏற்கும். அங்கே பயின்ற பொறியாளர் கூட்டமே உண்டு. 1963ஆம் ஆண்டு முதல் மீன்பிடிக் கலங்களுக்கு மாலுமிகளையும் எஞ்சின் ஓட்டுநர்களையும் பயிற்றிவரும் மத்திய நிறுவனம் கொச்சியிலேயே இருக்கிறது; ஆயினும் சிறு படகுகளில் எஞ்சினைப் பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் அனுபவத்தால் கற்றவரே. அவர் கை பழகியது நேர்வரிசையில். உதிரிப் பாகமும் கன்னியாகுமரி முதல் மங்களூர் வரையில் எந்தத் துறையிலும் கிடைக்கும்.

2023ஆம் ஆண்டு முதல் கொச்சிக் காயலில் ஓடும் நீர் மெட்ரோப் படகுகளை நேயர்களில் சிலர் கண்டிருப்பர். அவற்றை உந்துவது மின்மோட்டார். மோட்டாருக்குச் சிலிண்டரும் இல்லை, வரிசையும் இல்லை; நின்ற நிலையிலிருந்தே முழுத் திருப்புவிசையையும் தரும். ஒரு துறையிலிருந்து அடுத்த துறைக்குச் சென்று மின்கலத்தை நிரப்பிக்கொள்ளும் படகுக்கு அது மிக நன்று. இலட்சத்தீவுக்கும் அப்பால் போய் வாரக்கணக்கில் தங்கும் படகுக்கு, இன்றைக்கு டீசலை விட்டால் வழியில்லை.

நம்மிடம் வந்த படகுக்காரர் கொண்டுவந்த புத்தகத்தில், அந்த வீ எஞ்சினின் திருப்புவிசை அவர் படகிலுள்ளதைக் காட்டிலும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்று போட்டிருந்தது. கொள்ளளவைப் பார்த்தோம், அதுவும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. மேலும் விசாரித்ததில் அவர் குறை வெளிவந்தது. எஞ்சின் 2,000 சுற்று ஓடவேண்டியது 1,600க்கு மேல் ஏறவில்லை. பனிக்கட்டியும் டீசலும் நிறைத்துப் புறப்படும்போது கரும்புகை கக்குகிறது. இழுப்புப் போதவில்லை என்பது அவர் முடிவு. எஞ்சின் வேகம் ஏறாமற்போவதும் கரும்புகையும், அளவுக்கு மிஞ்சிய சுமையை அதன்மேல் ஏற்றியிருப்பதன் அடையாளம் என்று அறிந்தவர்கள் சொல்வார்கள். புரொப்பெல்லரை எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டோம். வேகம் கிடைக்குமென்று, இறக்கையின் சாய்வு மிகுந்த ஒன்றை முந்திய ஆண்டு போட்டிருக்கிறார். சாய்வு மிகுந்தால் ஒரு சுற்றுக்கு அது தள்ளவேண்டிய நீர் மிகும். அதே எஞ்சின் அதைச் சுமக்க முடியாமல் திணறும். அங்கே வீ எஞ்சின் வைத்திருந்தாலும், கொள்ளளவு மிகுந்ததனால் சிறிது ஏறியிருக்கும். டீசல் செலவும் கூடவே ஏறியிருக்கும்.

அவரைத் துறைமுகத்தில் உள்ள தேர்ந்த மெக்கானிக் ஒருவரிடம் அனுப்பினோம். படகைக் கரையேற்றி, அடியில் படிந்திருந்த கொட்டலசைச் சுரண்டி எடுத்து, சாய்வு குறைந்த புரொப்பெல்லரைப் பூட்டினார்கள். அடுத்த முறை கடலுக்குப் போகையில் எஞ்சின் 1,950 சுற்று வரையில் ஏறிற்றென்றும், புகை தெளிந்ததென்றும் அவர் தொலைபேசியில் சொன்னார். விளக்கப் புத்தகம் நம்மிடமே இருக்கிறது, திரும்பக் கேட்கவில்லை.